பருவம் மாறும்போது தோல் ஏன் முரண்டு பிடிக்கிறது?

இரண்டு மாதம் முன்பு வரை முகத்துக்கு நன்றாகப் பொருந்திய கிரீம், திடீரென்று பிசுபிசுக்கத் தொடங்கும். அல்லது நேர்மாறாக, பூசிய அரை மணி நேரத்திலேயே கன்னம் இறுக்கிப் பிடிக்கும். உடனே இரண்டு சந்தேகங்கள் வரும்: கிரீம் கெட்டுப்போய்விட்டதா, இல்லை நம் தோலின் வகையே மாறிவிட்டதா? பெரும்பாலும் இரண்டும் இல்லை. மாறியது சுற்றியிருக்கும் காற்று.

இதைத் தெரிந்துகொள்ளாததால் பலர் ஒவ்வொரு பருவத்துக்கும் புதிதாக ஏதாவது வாங்கி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசி, கடைசியில் எரிச்சலும் பருக்களுமாக நிற்கிறார்கள். அவர்களைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் செய்யவேண்டிய மாற்றம் மிகச் சிறியது. காற்றில் ஈரம் எவ்வளவு, வெயில் எவ்வளவு, உடல் எவ்வளவு வியர்க்கிறது என்ற மூன்றை மட்டும் கவனித்தால் போதும். மாதத்தின் பெயரைப் பார்க்கவே தேவையில்லை.

முதலில் தோலின் ஆக வெளியே இருக்கும் அடுக்கைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். இதை ஸ்ட்ராட்டம் கார்னியம் என்பார்கள். இங்கே மேலடுக்கு என்றே வைத்துக்கொள்வோம். உள்ளங்கை, உள்ளங்கால் தவிர்த்து உடலின் பெரும்பகுதியில் இதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்குதான். அவ்வளவு மெல்லிய இடத்துக்குள் தட்டையான, உயிரற்ற செல்கள் பதினைந்து இருபது வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. செல்களைச் செங்கல் என்றால், அவற்றுக்கு இடையே பூசப்பட்ட சாந்து ஒரு கொழுப்புக் கலவை. செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகிய மூன்றும் அதில் இருக்கின்றன. உடலுக்குள் இருக்கும் நீர் வெளியே ஓடிவிடாமலும், வெளியே இருக்கும் கிருமியும் ரசாயனமும் உள்ளே வராமலும் பார்த்துக்கொள்வது இந்தச் சுவர்தான்.

சுவர் என்றாலும் முழுக்க அடைத்த சுவர் அல்ல. வியர்க்காமல் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் தோல் வழியாக நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. ஒரு நாளில் சுமார் 300 முதல் 400 மில்லிலிட்டர் வரை இப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் போகும். மேலடுக்கு தன் பங்குக்குக் கொஞ்சம் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் செய்கிறது. அதன் செல்களுக்குள் ஃபிலாக்ரின் என்ற புரதம் உடைந்து, நீரை ஈர்க்கும் சிறு மூலக்கூறுகளாக மாறும். தோல் மெத்தென்று வளைந்து கொடுப்பது அந்த நீரால்தான்.

சிலருக்கு மட்டும் குளிர் தொடங்கிய முதல் வாரத்திலேயே தோல் வெடிப்பது ஏன் என்ற கேள்விக்கும் இங்கே ஒரு பதில் கிடைக்கிறது. ஃபிலாக்ரினை உருவாக்கும் மரபணுவில் குறை உள்ளவர்களுக்குப் பிறவியிலேயே வறண்ட தோல் அமைவதும், தோல் சிவந்து அரிக்கும் எக்சிமா வரும் வாய்ப்பு கூடுவதும் 2006-ல் தெளிவாகத் தெரியவந்தது. அதனால் பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றும் ஆகாமல் உங்களுக்கு மட்டும் அரித்தால் அது உங்கள் கவனக்குறைவு அல்ல. உங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் பராமரிப்பு தேவை, அவ்வளவுதான்.

காற்று எப்படி நீரைப் பிடுங்குகிறது

சூடான காற்றால் நிறைய நீராவியைத் தாங்க முடியும், குளிர்ந்த காற்றால் முடியாது. 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் அது 17 கிராம். 0 டிகிரியில் வெறும் 5 கிராமுக்கும் கொஞ்சம் கீழே. இப்போது ஒரு குளிர்நாளை நினைத்துப் பாருங்கள். வெளியே 0 டிகிரி, காற்று முழுவதும் ஈரம் நிறைந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் காற்று வீட்டுக்குள் வந்து ஹீட்டரால் 20 டிகிரிக்குச் சூடாகிறது. நீரின் அளவு அதே 5 கிராம். தாங்கும் திறனோ 17 கிராம். ஆக அறையின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழே போய்விடும். தாகத்தோடு இருக்கும் அந்தக் காற்று, கிடைக்கும் இடத்திலிருந்தெல்லாம் நீரை இழுக்கும். உங்கள் கன்னமும் கெண்டைக்காலும் அதற்கு ஒன்றுதான்.

ஏ.சி. அறையிலும் இதே கதைதான், வழி மட்டும் வேறு. ஏ.சி.யின் குளிர்ந்த குழாய்களில் பட்டுக் காற்றின் ஈரம் நீராகி வெளியே சொட்டிவிடுகிறது. வெளியே கொளுத்தும் கோடை, ஆனால் நாள் முழுக்க ஏ.சி.க்குள் உட்கார்ந்திருப்பவரின் கைகளுக்கு அது வறண்ட பருவம். "வெயில் காலத்தில் போய் மாய்ஸ்சரைசரா?" என்று கேட்பவர்கள் இந்த ஒன்றை யோசிக்க வேண்டும்.

மேலடுக்கு காய்ந்தால் ஏன் செதில் செதிலாக உரிகிறது? தோலின் செல்கள் தினமும் உதிர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. ஒன்றையொன்று பற்றியிருக்கும் இணைப்புகளை நொதிகள் அறுத்துவிட, செல்கள் தனித்தனியாக, கண்ணுக்குத் தெரியாமல் விழும். அந்த நொதிகள் வேலை செய்ய நீர் வேண்டும். நீர் குறைந்தால் அறுபட வேண்டியது அறுபடாது. செல்கள் கொத்தாக ஒட்டிக்கொண்டு, ஓரம் தூக்கிய வெள்ளைச் செதிலாக நிற்கும். கெண்டைக்காலில் நகத்தால் லேசாக ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். சாம்பல் பூத்த மாதிரி வெள்ளைக் கோடு அப்படியே நின்றால், மேலடுக்கில் நீர் குறைந்துவிட்டது என்று அர்த்தம். கருத்த தோலில் இது இன்னும் பளிச்சென்று தெரியும்.

செதிலைப் பார்த்ததும் ஸ்க்ரப் போட்டுத் தேய்ப்பதை நான் வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான். தேய்த்தால் அப்போதைக்கு வழவழப்பாக இருக்கும். ஆனால் ஏற்கெனவே ஓட்டையான சுவரைத்தான் நாம் மேலும் சுரண்டுகிறோம். நீரைத் திருப்பிக் கொடுத்தால் செதில் தானாக உதிரும்.

வறண்ட, குளிர்ந்த நாட்களில்

பராமரிப்பு தொடங்கும் இடம் கிரீம் டப்பா அல்ல, குளியலறை. குளிருக்கு இதமாகக் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் நெடுநேரம் குளிப்பது எல்லோருக்கும் பிடிக்கும். தோலுக்கு மட்டும் பிடிக்காது. சூடான நீர் செல்களுக்கு இடையிலான கொழுப்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு போகும். வெதுவெதுப்பான நீர், ஐந்திலிருந்து பத்து நிமிடக் குளியல், அது போதும்.

சோப்பு விஷயத்திலும் கவனம் வேண்டும். ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது. அமிலம், காரத்தை அளக்கும் பிஎச் எண்ணில் அது 5-ஐ ஒட்டி இருக்கும். வழக்கமான சோப்புக்கட்டிகளின் பிஎச் 9, 10 என்று காரத்தின் பக்கம் இருக்கும். ஈரப்பதம் நிறைந்த மாதங்களில் தோல் இதைச் சமாளித்துவிடும். வறண்ட மாதங்களில் திணறும். அப்போது சோப்பை அக்குள், தொடையிடுக்கு, பாதம் போன்ற தேவையான இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, கை கால்களுக்குத் தண்ணீரே போதும் என்று விடலாம். அல்லது சோப்பு கலக்காத மென்மையான கிளென்சருக்கு மாறலாம்.

அப்புறம், குளியலுக்குப் பிந்தைய முதல் மூன்று நிமிடம் முக்கியம். குளித்து முடித்ததும் மேலடுக்கில் நீர் நிறைந்திருக்கும். துண்டால் அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, தோல் இன்னும் லேசாக ஈரமாக இருக்கும்போதே மாய்ஸ்சரைசர் பூசிவிட வேண்டும். துணி மாற்றி, தலை துவட்டி, செல்போனைப் பார்த்துவிட்டு வந்து பூசினால் அந்த நீர் காற்றோடு போயிருக்கும். விலை உயர்ந்த கிரீமைக் காய்ந்த தோலில் பூசுவதைவிட, சாதாரண கிரீமை ஈரத் தோலில் பூசுவது நல்ல பலன் தரும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைப் பின்பற்றுவதாக இருந்தால் இதைப் பின்பற்றுங்கள்.

மாய்ஸ்சரைசர் என்பது ஒரே வேலை செய்யும் பொருள் அல்ல. அதில் பொதுவாக மூன்று வகைச் சரக்கு இருக்கும். கிளிசரின், யூரியா, ஹையலூரோனிக் அமிலம் போன்றவை நீரை ஈர்த்துப் பிடிப்பவை. செராமைடும் சிலவகை எண்ணெய்களும் செல்களுக்கு இடையே உள்ள சந்துகளை நிரப்பி வழவழப்பாக்குபவை. பெட்ரோலியம் ஜெல்லி, மெழுகு போன்றவை மேலே படலமாகப் படர்ந்து நீர் வெளியேறாமல் மூடுபவை. காற்று வறண்டிருக்கும்போது முதல் வகையை மட்டும் பூசினால் பயன் குறைவு. ஈர்த்துப் பிடிக்கக் காற்றில் நீரே இருக்காது. தோலின் உள்ளிருந்து வரும் நீரும் மூடி இல்லாமல் வெளியேறிவிடும். வெறும் சீரம் பூசிவிட்டு "முகம் இன்னும் இழுக்கிறதே" என்று சொல்பவர்களுக்கு விடுபட்டது அந்த மூடிதான்.

மூடுவதில் பெட்ரோலியம் ஜெல்லியை மிஞ்சியது இன்றுவரை அனேகமாக இல்லை. அமெரிக்க வேதியியலாளர் ராபர்ட் செஸ்ப்ரோ 1872-ல் வாஸலின் என்ற பெயரில் இதற்குக் காப்புரிமை பெற்றார். நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் தோல் மருத்துவர்கள் இதைப் பரிந்துரைக்கிறார்கள். உதடு, குதிகால், விரல் கணு ஆகியவற்றுக்கு இரவில் மெல்லிசாகத் தடவினால் போதும். பரு வரும் முகத்தில் மட்டும் வேண்டாம். அங்கே இலகுவான கிரீம் நல்லது.

எண்ணெய் மட்டும் பூசினால் போதாதா? ஓரளவு போதும். எண்ணெய் மூடும், வழவழப்பாக்கும். ஆனால் தானாக நீரைக் கொண்டுவராது. அதனால் எண்ணெயையும் ஈரத் தோலில் பூசுவதே சரி. எல்லா எண்ணெயும் ஒன்று என்றும் நினைக்க வேண்டாம். ஆலிவ் எண்ணெயில் மிகுந்திருக்கும் ஓலிக் அமிலம் மேலடுக்கின் கொழுப்பு அமைப்பைக் குலைக்கக்கூடியது. சூரியகாந்தி எண்ணெயில் அந்தப் பிரச்சினை குறைவு. எக்சிமா உள்ளவர்களும் பச்சிளங்குழந்தைகளும் ஆலிவ் எண்ணெயைத் தவிர்ப்பது நல்லது.

லோஷனா, கிரீமா என்று கேட்டால், கையில் எடுத்துப் பார்த்தே முடிவு செய்யலாம். லோஷனில் நீர் அதிகம், விரல் இடுக்கில் வழியும். கிரீமில் கொழுப்பு கூடுதல், விரலில் குவியலாக நிற்கும். ஆயின்மென்ட் இன்னும் கெட்டி. குளிர் கூடக் கூட இந்த வரிசையில் ஒரு படி மேலே போக வேண்டும். ஈரப்பதம் ஏறும்போது ஒரு படி கீழே இறங்கி லோஷனுக்கோ ஜெல்லுக்கோ வரலாம். பருவத்துக்கு ஏற்ற பராமரிப்பு என்று சொல்வதில் பாதி இந்த ஏற்ற இறக்கம்தான்.

உதட்டில் எண்ணெய்ச் சுரப்பிகள் கிடையாது என்றே சொல்லலாம், மேலடுக்கும் மிக மெல்லியது. நாக்கால் நக்கினால் ஒரு நொடி ஈரமாகும், எச்சில் ஆவியாகும்போது இருந்த நீரையும் சேர்த்துக்கொண்டு போகும். அந்தப் பழக்கத்தை விடாமல் எந்த லிப் பாமும் உதவாது. உள்ளங்காலிலும் எண்ணெய்ச் சுரப்பி இல்லை. அங்கே மேலடுக்கு தடித்துக் காய்ந்து, உடல் எடை அழுத்த அழுத்தக் குதிகால் வெடிக்கிறது. 10 முதல் 25 சதவீதம் யூரியா உள்ள கிரீமை இரவில் பூசி, பருத்திச் சாக்ஸ் போட்டுக்கொண்டு படுங்கள். வெடிப்பில் ரத்தம் கசிந்தால் யூரியா எரியும். அப்போது பெட்ரோலியம் ஜெல்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நிறையத் தண்ணீர் குடித்தால் தோல் பளபளக்கும் என்று அடிக்கடி சொல்வார்கள். உடலுக்கு நீர் போதாமல் இருந்தால் குடிக்கத்தான் வேண்டும். ஆனால் போதுமான அளவு குடிப்பவர் அதற்கு மேல் குடிப்பதால் கெண்டைக்காலின் செதில் மறையாது. தோலின் பிரச்சினை நீர் வந்து சேராதது அல்ல, வந்த நீர் நிற்காதது.

வெயிலும் வியர்வையும்

வெப்பம் கூடும்போது எண்ணெய்ச் சுரப்பு கூடும், வியர்வையும் சேரும். இப்போது கெட்டி கிரீமை இறக்கிவிட்டு ஜெல்லுக்கு வருவது நியாயம். ஆனால் முகம் வழிகிறதே என்று நாளுக்கு ஐந்தாறு முறை ஃபேஸ்வாஷ் போட்டுக் கழுவுவது வேறு சிக்கலைக் கொண்டுவரும். காலையிலும் இரவிலும் மென்மையான ஃபேஸ்வாஷ், இடையில் வெறும் தண்ணீர், அது போதும். மேலே எண்ணெய் மினுக்கும் முகத்திலும் மேலடுக்கில் நீர் குறைந்திருக்க முடியும். கழுவியதும் இறுக்கம், சற்று நேரத்தில் மினுமினுப்பு, கிரீம் பட்டால் எரிச்சல் என்று மூன்றும் சேர்ந்து வந்தால் அதிகம் கழுவிவிட்டீர்கள் என்று பொருள்.

வியர்க்குரு வருவது வியர்வை நாளங்கள் அடைபட்டு, வெளியேற வேண்டிய வியர்வை தோலுக்குள்ளேயே கசிவதால். அதற்கு முதல் மருந்து குளிர்ந்த காற்று, தளர்வான ஆடை. எண்ணெய்ப் பசையுள்ள எதையும் அதன்மேல் பூசினால் அடைப்பு கூடும். பச்சிளங்குழந்தைகளின் வியர்வை நாளங்கள் இன்னும் முதிராதவை என்பதால் அவர்களுக்கு இது எளிதாக வரும். குளிருமே என்று மூன்று துணி சுற்றப்பட்ட குழந்தைக்குக் குளிர்காலத்திலும் வரும்.

வெயிலைப் பற்றிப் பேசும்போது சூட்டையும் புற ஊதாக் கதிரையும் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். சூடு தோலுக்குத் தெரியும். புற ஊதாக் கதிர் தெரியாது. அதில் இரண்டு வகை நம்மை அடைகின்றன. யுவி-பி தோலைக் கன்றிச் சிவக்க வைப்பது. பருவத்துக்கும் நேரத்துக்கும் ஏற்ப அதிகம் ஏறி இறங்குவது இதுதான். நம்மை வந்தடையும் புற ஊதாக் கதிர்களில் சுமார் 95 சதவீதம் யுவி-ஏ. அது ஆண்டு முழுக்க ஓரளவு சீராக வரும், சாதாரண ஜன்னல் கண்ணாடியையும் கடக்கும், ஆழமாக இறங்கிச் சுருக்கத்தையும் கருமையையும் தரும்.

மெல்லிய மேகம் இருந்தால் 80 சதவீதம் வரை கதிர்கள் ஊடுருவி வரும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். புதிய பனி 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் சுமார் 10 சதவீதம் கூடும். பனிமலைக்குப் போய்க் கன்னம் கருத்துத் திரும்புவது குளிரால் மட்டும் அல்ல. அதனால் சன்ஸ்கிரீனை எடுத்து வைப்பதா, பூசுவதா என்பதை வெப்பநிலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வானிலைச் செயலிகளில் யுவி குறியீடு என்று ஓர் எண் இருக்கும். அது 3 அல்லது அதற்கு மேல் என்றால் பாதுகாப்பு வேண்டும்.

சன்ஸ்கிரீன் எவ்வளவு காக்கும் என்பதை லேபிளில் எஸ்.பி.எஃப். என்ற எண்ணாகப் போட்டிருப்பார்கள். எஸ்.பி.எஃப். 30 யுவி-பியில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 சுமார் 98 சதவீதத்தை. வித்தியாசம் இவ்வளவுதான். எண்ணைவிடப் பூசும் அளவு முக்கியம். சோதனைக்கூடத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்று பூசித்தான் இந்த எண்ணைக் கணக்கிடுகிறார்கள். நாம் பெரும்பாலும் அதில் பாதிகூடப் பூசுவதில்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுத்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, நிறைய வியர்த்தால் அதற்கு முன்பே மறுபடி. எஸ்.பி.எஃப். எண் முக்கியமாக யுவி-பியைப் பற்றியது. யுவி-ஏவுக்கு லேபிளில் பிராட் ஸ்பெக்ட்ரம் என்றோ, பிஏ என்பதற்குப் பின் பிளஸ் குறிகளோ இருக்கிறதா என்று பாருங்கள். கருத்த தோலுக்கு மெலனின் ஓரளவு காப்பு தருகிறது. ஆனால் மங்கு எனப்படும் முகக் கருந்திட்டும், பரு ஆறிய பின் நிற்கும் தழும்புக் கருமையும் வெயிலில் கூடத்தான் செய்யும். தொப்பி, முழுக்கைச் சட்டை, நிழல் மூன்றும் எந்தச் சன்ஸ்கிரீனுக்கும் குறைந்தவை அல்ல.

ஈரம் வடியாத நாட்களில்

மழை மாதங்களில் காற்றே நீர் நிறைந்து நிற்பதால் வியர்வை ஆவியாகாது. மடிப்புகளில் ஈரம் தங்கும். பூஞ்சைக்கு அது போதும். வட்டமாகப் பரவி ஓரம் தடித்து அரிக்கும் படர்தாமரை, முதுகிலும் மார்பிலும் நிறம் மாறிய திட்டாகத் தெரியும் தேமல், கால் விரல் இடுக்கில் வெள்ளையாக ஊறி உரியும் சேற்றுப்புண் எல்லாம் இந்த நாட்களில்தான் கூடும். இங்கே பூசுவதைவிடத் துடைப்பதுதான் பராமரிப்பு. நான்காவது, ஐந்தாவது கால்விரல்களுக்கு நடுவே துண்டின் முனையை விட்டு ஒற்றி எடுக்கிறவர் மிகக் குறைவு. பூஞ்சை முதலில் பிடிப்பது பெரும்பாலும் அந்த இடுக்கைத்தான். நனைந்த சாக்ஸை மாற்றுங்கள். காய்ந்தும் காயாத உள்ளாடையைப் போடாதீர்கள்.

படர்தாமரைக்குத் தாமாகவே ஸ்டீராய்டு கலந்த கிரீமை வாங்கிப் பூசுவது மிகப் பெரிய தீங்கு. அரிப்பும் சிவப்பும் இரண்டே நாளில் அடங்கும். தோலின் எதிர்ப்பு ஒடுங்கியதால் பூஞ்சையோ சத்தமில்லாமல் பரவும். நிறுத்தினால் முன்பைவிட மோசமாகத் திரும்பும், மருத்துவரே அடையாளம் காண முடியாதபடி உருவமும் மாறியிருக்கும். டியூபின் மேல் என்ன மருந்து கலந்திருக்கிறது என்று படிக்காமல் எதையும் பூச வேண்டாம்.

இரண்டுக்கும் நடுவே

உண்மையில் தோல் அதிகம் தடுமாறுவது ஒரு பருவத்தின் உச்சத்தில் அல்ல, மாறிக்கொண்டிருக்கும் வாரங்களில். மேலடுக்கு முழுதும் புதுப்பிக்கப்பட வாரங்கள் ஆகும். காற்றோ ஒரே இரவில் மாறிவிடும். பழைய பருவத்தில் உருவான சுவரை வைத்துக்கொண்டு புதிய பருவத்தைத் தோல் சந்திக்கிறது. அதனால் காற்று வறளத் தொடங்கியதும், செதில் தெரிவதற்கு முன்பே கிரீமின் கனத்தைக் கூட்டிவிடுங்கள்.

இந்த வாரங்களில் வழக்கமான கிரீமோ தண்ணீரோ பட்டாலே சுரீரென்று எரிந்தால், சுவர் ஓட்டையாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். ரெட்டினால், கிளைகாலிக் அமிலம், சாலிசிலிக் அமிலம் போன்ற, தோலை உரிக்கக்கூடிய பொருட்களை அப்படியே நிறுத்திவிட்டு, மென்மையான கிளென்சர், வாசனை கலக்காத மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்கிரீன் என்று மூன்றோடு இருங்கள். எரிச்சல் நின்ற பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்கலாம். புதிய பொருள் எதுவானாலும் முழங்கைக்கு உட்பக்கம் சில நாள் பூசிப் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டுபோங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால், ஒத்துக்கொள்ளாதது எது என்று கடைசிவரை தெரியாது.

உடல் முழுவதும் ஒரே தோல் என்றும் எண்ண வேண்டாம். நெற்றியும் மூக்கும் வழிய, கெண்டைக்கால் வெடித்திருக்கலாம். முகத்துக்கு ஜெல், காலுக்குக் கெட்டி கிரீம் என்று ஒரே நாளில் இரண்டு பருவப் பராமரிப்பு செய்வதில் தவறே இல்லை. வயதானவர்களுக்கு எண்ணெய்ச் சுரப்பும் கொழுப்பும் குறைந்துவிடுவதால் மிதமான பருவத்திலும் கை கால் அரிக்கும். "வயசானால் அப்படித்தான்" என்று விடாமல் தினமும் ஒரு முறை யாராவது கிரீம் பூசிவிட்டால் அவர்களுடைய தூக்கமே மாறும்.

ஒழுங்காக ஈரம் காத்தும் இரண்டு வாரத்தில் அடங்காத அரிப்பு, தூக்கத்தைக் கெடுக்கும் அரிப்பு, நீர் கசியும் அல்லது மஞ்சள் பொருக்கு கட்டும் இடம், வலியோடு பரவும் சிவப்பு என்றால் தோல் மருத்துவரைப் பாருங்கள். நீரிழிவு உள்ளவர்கள் காலில் சின்ன வெடிப்பு வந்தாலும் காத்திருக்க வேண்டாம். போகும்போது இப்போது பயன்படுத்தும் சோப்பு, கிரீம், டியூப் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள், முடிந்துபோன டியூபையும் சேர்த்து. பெயரைச் சொல்வதைவிட லேபிளைக் காட்டுவது மருத்துவருக்கு மிகவும் உதவும்.